லிட்டருக்கு எத்தனை?

லாரிகளின் டீசல் பம்பைப் பழுதுபார்க்கும் அந்த பம்ப் ரூமுக்குள் செருப்புக் காலோடு நுழைந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை அப்படி நுழைந்ததில்லை. ஐந்து லாரி வைத்திருக்கும் முதலாளியாக இருந்தாலும் சரி, பேப்பர் மில் அதிகாரியாக இருந்தாலும் சரி, வாசலில் கழற்றிவிட்டு, ஈரத்துணியில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். மறந்து வந்தவர்களிடம் அங்கே மெக்கானிக்கான அவள் கத்தமாட்டாள். கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பாள். வந்தவருடைய காலையே பார்ப்பாள். நாலு திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும்.

தூசிக்கா என்று அவளுக்குப் பெயர் வந்தது அதனால்தான். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள்.

டீசல் பம்பை லாரியின் இதயம் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சே அவளுக்கு ஆகாது. "இதயமாவது, ஈரலாவது. அது ஒரு கரண்டிங்க. எஞ்சினுக்கு எவ்வளவு ஊத்தணுமோ அவ்வளவு அளந்து ஊத்தற கரண்டி. கரண்டி பெரிசானா சட்டி கருகும். அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய்க் கவிதை படிக்கிறீங்க."

பத்தொன்பது வயதில் அந்த அறையைப் பெருக்கத்தான் அவள் வேலைக்கு வந்தாள். பெண்பிள்ளை கை சுத்தமான கை என்பது அப்போதைய முதலாளியின் எண்ணம். பெருக்கினாள், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழுவினாள், கழுவிக்கொண்டே மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்தாள். மூன்று வருஷம் பார்த்தாள். ஒருநாள் பெரிய மெக்கானிக் கோபித்துக்கொண்டு போய்விட்டார், ஆறு பம்புகளைப் பிரித்துப் போட்டது போட்டபடி. வாசலில் லாரிக்காரர்கள் நின்று கூச்சல் போட, முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாலே நாளில் ஆறையும் அவள் பூட்டி முடித்தாள். பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தால் ஆறும் சொல்லி வைத்தாற்போல ஒரே அளவு. முதலாளி ஒரு வார்த்தை பாராட்டவில்லை. மறுநாளிலிருந்து பெருக்குவதற்கு வேறு ஆள் வந்தது. பின்னாளில் முதலாளி தொழிலை விட்டபோது, பெஞ்சும் அறையும் அவள் கைக்கே வந்தன.

கணவரும் அந்த வாசலில் கிடைத்தவர்தான். பழுதான பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த லாரி டிரைவர், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "அதைப் பார்த்துத்தான் ஏமாந்துட்டேன். புத்தி உள்ள மனுஷன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அன்னிக்கு செருப்பு வாரு அறுந்திருந்ததாம்" என்பாள்.

கணவரைத் திட்டும்போதும் அவள் மரியாதையில் குறை வைத்ததில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டே திட்டுவாள். "ஏங்க, கடவுள் உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு கொடுத்திருக்காருங்களே, அதைப் பிரிச்சே பார்க்காம அப்படியே திருப்பிக் கொடுக்கப் போறீங்களாங்க?"

அவர் நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு. யார் எதைச் சொன்னாலும் நம்புவார். இருபத்திரண்டு வயதான சொந்த லாரி ஒன்று வைத்திருந்தார். பேப்பர் மில்லிலிருந்து துறைமுகத்துக்குக் காகித உருளைகள் ஏற்றிப் போய், அங்கிருந்து பழைய காகிதக் கட்டுகளை ஏற்றி வருவார். போக முந்நூறு கிலோமீட்டர், வர முந்நூறு. டீசல் மில் கணக்கு. மில் வாசலிலேயே பங்க் உண்டு. எந்த லாரி எத்தனை லிட்டர் குடித்தது என்று பக்கத்திலேயே ஒரு கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். பன்னிரண்டு லாரிகளில் அவருடையது எப்போதும் கடைசி வரி. அறுநூறு கிலோமீட்டருக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு லிட்டர், அதாவது லிட்டருக்கு மூன்று கிலோமீட்டரும் கொஞ்சமும். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மைலேஜ் மன்னன்.

அந்தப் பட்டத்தைத் தொலைக்க மன்னர் செய்யாத வைத்தியம் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று டேங்கில் அந்துருண்டை போட்டார். லாரி போன வழியெல்லாம் பழைய துணி அலமாரி வாசனை அடித்ததே தவிர, ஒரு சொட்டுக் குறையவில்லை. டீசலைச் சுண்டக் காய்ச்சின பால் மாதிரி ஆக்கும் என்று ஒரு பச்சைத் தண்ணீர் வாங்கி ஊற்றினார். காற்றைக் கிழிக்கும் என்று கேபின் நெற்றியில் தகரத்தில் ஒரு கொம்பு வைத்தார். காற்று கிழிந்ததோ இல்லையோ, பங்க் கூரையில் இடித்துக் கொம்பு கிழிந்தது.

"விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்" என்றாள் அவள். "அந்த லாரியில வைக்காதது இனிமே ரெண்டு றெக்கைதாங்க. அதையும் யாராவது சொல்லுவாங்க. காது கொடுத்துக் கேட்டுட்டு வாங்க."

இப்படி இருக்கும்போது மில்லிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு மாதம் கழித்து எல்லா லாரிகளுக்கும் பரீட்சை. டேங்க் கழுத்துவரை நிரப்பி, அதே பாதையில் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்ப்பார்கள். மில் குமாஸ்தா ஒருவர் கூடவே வருவார். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுக்காத லாரிக்கு அதற்குமேல் லோடு கிடையாது.

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாளே அவளுடைய தம்பி பம்ப் ரூம் வாசலில் வந்து நின்றான். அவனுக்கு வெளியே விஞ்ஞானி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தில் தேறாதவன் என்பது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின், முடி வளர்க்கும் எண்ணெய் என்று விற்றுக்கொண்டிருந்தவன் கையில் இப்போது சிவப்பு நாடா கட்டிய ஒரு பெட்டி.

"அக்கா, ஒரு நிமிஷம். இது காந்தம். டீசல் குழாய் மேல ரெண்டு துண்டையும் வெச்சுக் கட்டிட்டா போதும். டீசல்ல இருக்கற அணுவெல்லாம் கும்பல் கும்பலா சுருண்டு தூங்குதுக்கா. காந்தம் பட்டதும் எழுந்து வரிசையா நின்னுடும்."

"வரிசையா நின்னு? டிக்கெட் வாங்கப் போகுதா?"

"வரிசையா போனா முழுசா எரியும்க்கா. முப்பது சதவீதம் மிச்சம். எட்டு லாரிக்காரங்க ஏற்கெனவே வாங்கிட்டாங்க."

"எட்டுப் பேர் கிணத்துல குதிச்சா ஒன்பதாவதா குதிக்க எங்க வீட்டுக்காரர் தயாரா நிப்பார். அவர்கிட்ட போ. இங்க வராதே. பம்புக்குள்ள தூசி போனா எடுத்துடுவேன், நீ பேசற பேச்சு உள்ள போனா எடுக்க முடியாது."

அன்று மாலையே அது லாரியில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் அவள் போனெட்டைத் திறந்து, காந்தத்தைக் கழற்றித் தம்பி வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கணவரிடம் சொன்னாள்: "நாளைக்கு நானும் வரேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரியில் அவள் ஏறிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. "எதுக்கு? தூரமாச்சே, உடம்பு வலிக்கும்."

"உடம்புக்கு வலிச்சா தைலம் தேச்சுக்கலாம். நீங்க என்னதான் பண்றீங்கன்னு ஒருதடவை கண்ணால பார்த்துடறேன்."

காலையில் கிளம்புமுன் அவர் ஒரு இரும்புக்கம்பியை எடுத்து ஒவ்வொரு டயரையும் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு வந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"காத்து இருக்கான்னு பார்க்கறேன். சத்தத்துலயே தெரியும்."

"பூசணிக்காயா வாங்கறீங்க?" அவள் பையிலிருந்து காற்றழுத்தம் பார்க்கும் மீட்டரை எடுத்து வைத்தாள். பின்பக்கம் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள்பக்கத்து இரண்டிலும் பாதிக் காற்றுதான் இருந்தது. வெளிப்பக்கத்து டயர் அதை மறைத்து நின்றதால் பல மாதமாக யாரும் பார்க்கவில்லை. "ரெண்டு பேரை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடற மாதிரி ஓடியிருக்கு பாவம்" என்றாள். பாவம் என்றது லாரியை. காற்று அடித்த பிறகுதான் கிளம்பவிட்டாள்.

கேபின் தலைமேல் இருந்த இரும்புச் சட்டத்தில் ஒரு குடித்தனமே இருந்தது. தேய்ந்த டயர் இரண்டு, துருப்பிடித்த சங்கிலி, உடைந்த நாற்காலி ஒன்று. காற்றில் இத்தனையையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர். நாற்காலி எதற்கு என்று கேட்டாள். எப்போதாவது உதவும் என்றார். மில் வாசலில் எல்லாம் இறங்கின. இறங்க இறங்க அவர் முகம் சொத்து பறிபோனவர் முகம் மாதிரி ஆனது.

லோடு ஏற்றியவர்கள் தார்ப்பாயைச் சரியாக இழுத்துக் கட்டத் தவறினார்கள். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் அது உப்பிக்கொண்டு படபடவென்று அடித்தது. "கடலுக்குத்தானே போறோம், பாய்மரம் இப்பவே விரிச்சாச்சு" என்று சொல்லி நிறுத்தச் செய்து, அவளே ஏறி இழுத்துக் கட்டினாள்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் மனிதர் மாறிவிட்டார். வீட்டில் பூனையாக இருப்பவர் ஸ்டியரிங் பிடித்ததும் எண்பதில் பறந்தார். ஒரு பஸ் முன்னால் போனது. அதை முந்துவதற்காக எஞ்சினைக் கதற விட்டு, ஹாரனைக் கதற விட்டு, முந்தியும் விட்டார். பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். நாலு கிலோமீட்டர் தள்ளி ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள். அந்த பஸ் நிதானமாக வந்து பின்னால் ஒட்டி நின்றது.

"ஒரு லிட்டர் டீசலைக் கொட்டி வாங்கின இடம் இது" என்றாள். "பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு லாரி நீளம். நல்ல இடம். காத்தோட்டமா இருக்கு."

டீக்கடையில் எஞ்சினை ஓடவிட்டே இறங்கினார். அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"ஐயோ, திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா?"

"ஆகலைன்னா பேட்டரி மாத்தணும். அரைமணி நேரம் டீ குடிக்க அதுக்கும் கூட டீ வாங்கிக் கொடுக்கறீங்களே, தினமும்!"

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அவள் லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எல்லாம் வெதுவெதுப்பு. இடதுபுறம் பின்சக்கரத்தில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். அந்தச் சக்கரத்தின் பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். ஒரு காலை ஆக்ஸிலேட்டரிலும் இன்னொரு காலைப் பிரேக்கிலும் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. துறைமுகத்தில் சரிசெய்யலாம் என்றார் அவர். அவளும் சரியென்றுவிட்டாள். அங்கேயே நிறுத்திச் சரிசெய்யச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

மலைச்சரிவின் உச்சிக்கு வந்ததும் அவர் கியரைத் தட்டி நியூட்ரலில் போட்டார். எஞ்சின் சத்தம் அடங்கி, லாரி தானாக உருண்டது.

"இது என்னங்க?"

"இதுதான் நம்ம ரகசியம்" என்று சிரித்தார். "எட்டு கிலோமீட்டருக்கு இறக்கம். எஞ்சினுக்கு வேலையே கிடையாது. டீசல் மிச்சம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் முள் அறுபதைத் தாண்டியது. எழுபது. அவர் பிரேக்கை மிதித்தார். கொஞ்சம் குறைந்தது. விட்டார். மறுபடி எழுபது. மறுபடி மிதி. ஜன்னல் வழியாகத் துணி கருகுகிற நாற்றம் உள்ளே வந்தது. மூன்றாம் வளைவு திரும்பினால், சாலை வேலை. சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நடுரோட்டில் நிற்கிறான், பின்னால் தார் டிரம்கள். அவர் மிதித்தார். பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கியதே தவிர லாரி கேட்கவில்லை. கியர் போட முயன்றார். கிர்ர்ரென்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே தள்ளியது. மறுபடி போட்டார். மறுபடி தள்ளியது. சிவப்புத் துணிக்காரன் துணியைப் போட்டுவிட்டு ஓடினான். அவர் கிளச்சை மிதித்து, எஞ்சினை உறும விட்டு மூன்றாம் முறை தள்ள, கியர் விழுந்தது. லாரி முழுக்க ஒரு குலுக்குக் குலுங்கி, எஞ்சின் பிடித்து இழுத்து, முதல் தார் டிரம்முக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

இடது பின்சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. ரோட்டுக்காரர்கள் ஓடிவந்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவள் இறங்கினாள். சக்கரம் ஆறுகிறவரை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். திட்டாத மனைவியை அவர் முதல்முறையாகப் பார்த்தார். அவருக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"ஏதாவது சொல்லேன்" என்றார் கடைசியில்.

"சொல்றேன். ஒரே தடவை சொல்வேன்." குரல் தணிந்திருந்தது. "கியர்லயே விட்டு, காலை மட்டும் எடுத்தீங்கன்னா சக்கரம்தான் எஞ்சினைச் சுத்துது. பம்புக்குள்ள கவர்னர்னு ஒண்ணு இருக்கு. எஞ்சின் தானா வேகமா சுத்துதே, இதுக்கு எதுக்கு டீசல்னு அது அடியோட நிறுத்திடும். ஒரு சொட்டுப் போகாது. வேகமும் கட்டுக்குள்ள இருக்கும். நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணையாம இருக்க டீசலை ஊத்திக்கிட்டே இருக்கணும். நீங்க மிச்சம் பிடிக்கறேன்னு செலவு பண்ணியிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷமா. உயிரை வேற அடகு வெச்சு."

"ஒரு சொட்டுக்கூடவா போகாது?"

"பெஞ்சுல தினமும் பார்க்கறவ சொல்றேன். அந்த டீக்கடையில எவனோ சொன்னதை நம்பினீங்கல்ல, இதையும் அவனே சொன்னதா நினைச்சு நம்புங்க."

மீதி இறக்கத்தை மூன்றாம் கியரில், மாட்டுவண்டி வேகத்தில் இறங்கினார்கள். துறைமுகத்தில் பிரேக்கைப் பிரித்து, மாட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கை மாற்றினார்கள்.

திரும்பும்போது அதே மலை ஏற்றமாக நின்றது. பாதி ஏறுகையில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கண்ணாடியில கொஞ்சம் பாரேன்."

பார்த்தாள். லாரிக்குப் பின்னால் கன்னங்கரேலென்று புகை. பின்னால் வந்த கார் ஒன்றையே காணோம்.

"அது என்ன, அதுவும் நான் கியர் போடற தப்பா?"

"ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும். நீங்க என்னிக்கு மாத்தினீங்க?" என்றாள் சட்டென்று.

வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரை மாற்றினாள். அது உண்மையிலேயே கழுதைப் பொதி மாதிரி அழுக்காகத்தான் இருந்தது. ஆனால் புதுசு போட்டும், லோடோடு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தால், அதே புகை. கொஞ்சம் குறைந்த புகை. ஞாயிற்றுக்கிழமை பம்பைக் கழற்றி பெஞ்சில் ஏற்றினாள். தனியாகத்தான் இருந்தாள். ஆறு கண்ணாடிக் குழாய்களிலும் டீசல் ஏறியது. நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி, ஆறும் ஒற்றுமையாக மேலே போய் நின்றன. தேய்மானம் என்றால் ஒன்று ஏறும் ஒன்று இறங்கும். ஆறும் சேர்ந்து கூடியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். முழு லோடுக்கு எவ்வளவு டீசல் என்று நிறுத்துகிற திருகு ஒன்று உண்டு. அதைத் தொட்டவர் கம்பி கட்டி, தன் ஈய முத்திரையைக் குத்தி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். யாருடா அந்த மடையன் என்று சொல்லிக்கொண்டே விளக்கைக் கிட்டே கொண்டுபோய் முத்திரையைப் பார்த்தாள்.

அவளுடைய முத்திரை.

மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம். மலையேற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று அவர் தினமும் புலம்பினார். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் திருகை ஒன்றரைச் சுற்று ஏற்றிவிட்டாள். பிறகு இறக்க மறந்துபோனாள். ஊர் லாரிகளின் பம்பையெல்லாம் ஒழுங்காக அளந்து கொடுத்தவள், கரண்டி பெரிசானால் சட்டி கருகும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், சொந்த வீட்டு லாரிக்கு ஆறு வருஷம் பெரிய கரண்டியால் ஊற்றியிருக்கிறாள். அந்தக் கரும்பலகையின் கடைசி வரியில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. 

தேய்மானம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கணவர் நம்புவார். அவர் எதைத்தான் நம்பமாட்டார்! அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அப்படிச் சொன்னால் தனக்கும் தம்பிக்கும் என்ன வித்தியாசம்?

சாப்பிடும்போது சொன்னாள். "பம்புல தப்பு என்னுது. ஆறு வருஷம் முன்னாடி திருகை ஏத்தினேன். இறக்கல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ ஏத்தினப்போ பக்கத்துலதானே நின்னேன்."

"அப்புறம் ஏங்க இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னா இறக்கிடுவ. வண்டி நல்லா இழுத்துச்சே."

அவள் அவரையே பார்த்தாள். காந்தத்துக்கும் அந்துருண்டைக்கும் தேடித் தேடி அலைந்தவருக்கு, கசிகிற ஓட்டை எங்கே என்று முதல்நாளிலிருந்தே தெரியும். ஓட்டைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குறையாமல் இருக்க மந்திரம் தேடியிருக்கிறார். "நமக்கு ஜாதகம் பார்க்காதது தப்பில்லைங்க, பார்த்திருந்தா இவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து கைகழுவினாள். மறுநாளே திருகைப் பழைய அளவுக்கு இறக்கி, மறுபடி முத்திரை குத்தினாள்.

பரீட்சை நாளில் குமாஸ்தா நோட்டுப்புத்தகத்தோடு ஏறிக்கொண்டார். மறுநாள் பிற்பகல் லாரிகள் திரும்பும் நேரத்துக்கு அவள் பங்க் வாசலில் போய் நின்றாள். முன்னாலேயே வந்த ஒரு கெட்டிக்காரர் லாரியைச் சாய்வாக நிறுத்தி டேங்கை நிரப்பப் பார்த்தார். சாய்ந்து நின்றால் டேங்கின் ஒரு மூலையில் காற்று தங்கி, குறைந்த டீசலிலேயே நிரம்பின மாதிரி காட்டும். "வண்டி கோணலா நிக்குதுங்க, உங்களை மாதிரியே" என்று அவள் சத்தமாகச் சொல்ல, குமாஸ்தாக்கள் விழித்துக்கொண்டு எல்லா லாரிகளையும் சமதரையில் நிறுத்த வைத்தார்கள்.

அவளுடைய கணவர் கடைசியாக வந்தார். முதல் லாரி வந்து முக்கால் மணி நேரத்துக்குப் பின்னால். வழியெல்லாம் அறுபதைத் தாண்டவில்லையாம். முந்திப்போன டிரைவர்கள் கையை ஆட்டிக் கேலி செய்தார்களாம். குமாஸ்தாவோ பாதி வழி தூங்கியே விட்டாராம். மேடு ஏறும்போது வண்டி முனகியது, ஆனால் ஏறியது.

டேங்க் நிரம்பியது. நுரை அடங்கும்வரை காத்திருந்து, கழுத்துவரை விட்டார்கள். நூற்றைம்பத்தேழு லிட்டர். லிட்டருக்கு மூன்றே முக்காலைத் தாண்டிவிட்டது. கரும்பலகையில் மேலிருந்து மூன்றாவது. மூன்றரையைத் தொடாமல் நான்கு லாரிகள் தோற்றன. நான்கிலும் காந்தம் இருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பி வந்தான். முகமெல்லாம் பல். "பார்த்தியாக்கா! நம்ம அத்தான் வண்டி! முப்பத்தஞ்சு லிட்டர் மிச்சம்! அத்தான், போனெட்டைத் திறந்து எல்லாருக்கும் காட்டுங்க!"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். போனெட்டைத் திறந்தாள். டீசல் குழாய் மேல் காந்தம், சிவப்பு நாடாவோடு.

"உன் தம்பி கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டான்" என்றார் அவர் மெதுவாக. "இருந்துட்டுப் போகட்டுமே, கெடுதல் இல்லையேன்னு..."

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் டயரைச் சொன்னாள், பிரேக்கைச் சொன்னாள், தன் முத்திரை உட்பட பம்பைச் சொன்னாள், அறுபதைச் சொன்னாள். தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டு முடித்து, காந்தம் எங்கே கிடைக்கும் என்று தம்பியிடம் விசாரித்தார்கள். அதில் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காந்தத்தை ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். அறுபதில் போக ஒரு ஆயுசு பொறுமை வேண்டும்.

அன்றே அதைக் கழற்றிவிட்டாள். அடுத்த இரண்டு லோடுகளும் நூற்றைம்பத்தெட்டு, நூற்றைம்பத்தாறு என்று கரும்பலகையில் ஏறின. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தம்பி கடை வாசலில் லாரியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, சொந்த அக்காள் வீட்டிலேயே நிரூபிக்கப்பட்டது என்று எழுதி வைத்தான். அவள் அவனோடு இரண்டு மாதம் பேசவில்லை. பேச ஆரம்பித்த அன்று, அதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

தோற்ற நான்கில் இரண்டு லாரிக்காரர்கள் பம்ப் ரூமுக்கு வந்தார்கள். இரண்டும் கறுப்புப் புகை. ஒன்றுக்கு நாசில் கசிவு, ஒன்றுக்கு யாரோ ஏற்றிய திருகு. சரிசெய்து கொடுத்தாள். மில் வைத்த மறுபரீட்சையில் இரண்டும் தேறின. ஒரு மாற்றம் மட்டும் வந்தது. மடையன் என்று சொல்லுமுன் அவள் இப்போது முத்திரையைப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் அந்த இருவரில் ஒருவர் நாசில் மாற்றக் காத்திருக்கையில் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மில் வாசல்ல பெரிய கிளாஸே எடுக்கறார்க்கா. கவர்னராம், கியர்ல விட்டா ஒரு சொட்டு டீசல் போகாதாம், நியூட்ரல்ல இறங்கறவன் முட்டாளாம். தானா யோசிச்சுக் கண்டுபிடிச்சதா சொல்றார்."

"தப்பு ஏதாவது சொன்னாரா?"

"இல்லைக்கா. புட்டுப் புட்டு வெச்சார்."

நாசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "ஊர்ல எவன் எதைச் சொன்னாலும் நம்பறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க. இருபத்தஞ்சு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா, நம்பின விஷயம் சரியா இருந்திருக்கு. கொண்டாடிட்டுப் போகட்டும்."